மருமகள் இறங்கும் இடம்

அத்தியாயம் 14

சேசப்ப பூஜாரி காலை ஏழு மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்றும் இதே விசிறியைத்தான் துடைத்தார்.

“அதுல இன்னும் என்ன அழுக்கு மிச்சம் இருக்கு? இறங்குங்க. விழுந்து தொலைச்சா ஆஸ்பத்திரிக்கு யாரு ஓட்டிட்டுப் போறது?” என்று கேட்ட மனைவி கமலாக்ஷி, கேட்டு முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டி ஓட்டுவது பற்றி அந்த வீட்டில் ஐந்து நாளாகப் பேச்சே கிடையாது.

ஐந்து நாள் முன்னால் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடுப்பிக்கும் குந்தாபுரத்துக்கும் நடுவே ஓடுகிற ‘சுகந்தி’ பஸ்ஸை இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய மனிதரிடமிருந்து, முதலாளி வாமன ஹெக்டே பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கச் சாவியை வாங்கிக்கொண்டார். ஹலசினகட்டே நிறுத்தத்துக்குப் பதினோரு நாளாகத் தொடர்ந்து மூன்று நிமிஷம் தாமதம். மூன்று நிமிஷம்தானே என்று வேறு ஊர்க்காரர்கள் சொல்லலாம். இங்கே பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் நமக்கும் இடைவெளியே நாலு நிமிஷம். அவன் ஆட்களை நாம் ஏற்றிக்கொண்டால் கைகலப்புதான்.

தாமதம் என்று சொன்னது மனிதர் யாரும் இல்லை. பஸ்ஸுக்குள் பொருத்திய ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொரு நிறுத்தத்தையும் தாண்டும்போது அது நேரத்தை அனுப்பும். லேட்டானால் பஸ் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் திரையில் அந்த பஸ்ஸின் பெயர் சிவப்பாகத் தெரியும். பெட்டியைச் செய்து கொடுத்தது ‘தோணி சாஃப்ட்வேர்’ என்கிற ஏழு பேர் கம்பெனி. அந்த ஏழு பேரில் ஒருத்தி சேசப்பாவின் மருமகள் அக்ஷதா.

சாவி போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். மாமா அந்தப் பெட்டியை நம்பத் தொடங்கியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“மெஷின் எதுக்குப் பொய் சொல்லப்போகுது? அதுக்கு என்கிட்ட என்ன பகை? எனக்குத்தான் கண்ணு மங்கிட்டு வருது, கடிகாரத்துல மணி தப்பாத் தெரியுது போல” என்றார் அவர், ஸ்டூலிலிருந்து இறங்கியபடி.

“நேத்து கண் டாக்டர் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாரே மாமா.”

“அவரு என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு.”

இன்று மாலை நான்கு மணிக்கு ‘சுகந்தி’ நிரந்தரமாகப் புது டிரைவர் கைக்குப் போகிறது. அதன் பிறகு ஐம்பத்தேழு வயசுக்காரரை, அதுவும் லேட் என்று பெயர் வாங்கியவரை, எந்த முதலாளி கூப்பிடுவார்?

அக்ஷதாவின் கணவன் தீரஜ் நீர் தோசையை நின்றுகொண்டே தின்றான். மங்களூரில் நாலாயிரம் பேர் வேலை செய்கிற கம்பெனி அவனுடையது. சாப்பிடும்போதும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

“எனக்கு இன்னிக்கு எட்டு மணிக்கே மீட்டிங். உன்ன பைக்ல விட முடியாது. ஒரு நாள் ‘சுகந்தி’லயே போயேன்” என்றான்.

ஐந்து நாளாக அவள் அந்த பஸ்ஸில் கால் வைக்கவில்லை. வேறு ஒருத்தர் அந்த ஸீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தெம்பு இல்லை. வெளியே ஜூன் மாத மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் குடையை எடுத்தாள்.

புது டிரைவர் நித்யானந்தாவுக்கு முப்பது வயசு இருக்கும். பயந்து பயந்து ஓட்டினான். திருப்பத்துக்குத் திருப்பம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

“பாவம், கோவாவுக்கு மீன் லாரி ஓட்டிட்டிருந்தான். இந்த வேலை கிடைக்குதுன்னு அதை விட்டுட்டு வந்திருக்கான்” என்று கண்டக்டர் மாதவா அவளிடம் மெதுவாகச் சொன்னார். “வந்தும் என்ன? இவனையும் தினம் உங்க பெட்டி சிவப்புல காட்டுது. புதுசுதானே, பழகிடுவான்னு முதலாளி விட்டு வச்சிருக்காரு.”

ஹலசினகட்டே வந்தது. வண்டி நின்றது.

“எட்டு நாப்பத்தொண்ணு. சரியா வந்துட்டோம்” என்றார் மாதவா. “இதுவும் லேட்டுன்னுதான் காட்டும், பாருங்க. என் வாட்ச யாரு நம்பறாங்க?”

அக்ஷதா எழுந்திருக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் முன்னாடி...”

“ஸ்டாப் இதுதான்கா. முன்னாடி போய் நிறுத்தறதெல்லாம் சேசப்பண்ணன் மருமகளுக்குக் காட்டின பாசம். இவனுக்கு அதெல்லாம் தெரியாது.”

முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அக்ஷதா முகம் சிவந்து இறங்கினாள்.

நிறுத்தத்திலிருந்து, எண்ணெய் மில் மாடியில் இருக்கும் அவள் ஆபீஸுக்கு இருநூறு அடி. நடுவில் பள்ளிக்கூடச் சந்திப்பு. பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. வாத்தியார் ஒருவர் குடையோடு நடுரோட்டில் நின்று, பிள்ளைகள் தாண்டுவதற்காக வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். ‘சுகந்தி’ ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து அந்த வரிசையில் ஐந்தாவதாக நின்றது. அக்ஷதா சேற்றில் செருப்பு வழுக்க வழுக்க நடந்தாள். தேங்காய் எண்ணெய் மில்லின் வாசலுக்கு வந்து, மாடிப்படியில் கால் வைக்கும்போது, பின்னால் பழக்கமான ஹாரன் கேட்டது. ‘சுகந்தி’ அப்போதுதான் மில்லைத் தாண்டிப் போனது.

நான் நடந்து வந்துட்டேன், பஸ் இப்பத்தான் வருது என்று நினைத்தாள். போனில் நேரம் பார்த்தாள். எட்டு நாற்பத்து நாலு.

படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டியின் கடிகாரத்தைச் சோதித்திருந்தாள். ஒயரைச் சோதித்திருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எந்த இடத்தைத் தாண்டும்போது பெட்டி நேரத்தை அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார்களே, அதை மட்டும் பார்க்கவில்லை. ‘சுகந்தி’யின் புள்ளிகளை வைத்தது அவளேதான், அதனால் பார்க்கத் தோன்றவில்லை.

மே மாதம் ஏழு பேரும் பஸ்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு பஸ்ஸில் ஏறி, நிற்கும் இடத்தில் எல்லாம் போனில் அமுக்கிப் புள்ளி வைத்தார்கள். இவள் ஆசையாக மாமாவின் பஸ்ஸைக் கேட்டு வாங்கினாள். ஹலசினகட்டேயில் எங்கே அமுக்கினாள்? தான் தினமும் இறங்குகிற இடத்தில். மருமகள் நனையக் கூடாது என்று மாமா தினமும் நிறுத்தத்தைத் தாண்டி வந்து மில் வாசலில் அரை நிமிஷம் பிரேக் போடுவார். இரண்டு வருஷமாக அதுதான் அவளுக்கு ஹலசினகட்டே.

மே மாதம் பள்ளிக்கு லீவு. சந்திப்பு காலியாகக் கிடந்தது. நிறுத்தத்துக்கும் மில்லுக்கும் இருபது நொடிகூட ஆகவில்லை, அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பள்ளி திறந்த அன்றைக்கு ஆரம்பித்தது சனியன்.

மேலே ஓடிக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். புள்ளி மில் வாசலில் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே, வைத்தவர்: அக்ஷதா.

முதலில் தீரஜுக்குத்தான் போன் போட்டாள். அவன் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து பேசினான்.

“இவ்வளவுதானே? புள்ளிய மாத்திடு. சர்வர் கோளாறுன்னு ஒரு மெயில் போடச் சொல்லு. அப்பா வண்டிக்கு வந்துடுவாரு. முடிஞ்சது.”

“ஏன் என் பஸ்ல மட்டும்னு ஹெக்டே கேப்பாரு.”

“கேட்டா கேக்கட்டும். எங்க ஆபீஸ்ல தப்பு நடந்தா அதுக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க. யாரு பண்ணினான்னு கடைசி வரைக்கும் எனக்கே தெரியாது. நிம்மதியா வீட்டுக்கு வந்து தூங்குவேன்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அக்ஷி, நிஜத்தைச் சொன்னா அப்பா ஸ்டாப் இல்லாத இடத்துல தினம் நிறுத்தினது வெளிய வரும். அதுக்கும் டிரைவர எடுப்பாங்க, தெரியுமில்ல?”

அவளுக்கு அது தெரியும். லேட் என்கிற பழியிலிருந்து மாமாவைத் தூக்கி, இன்னொரு பழியில் போடுவதற்கு அவளே போக வேண்டும். அந்த நாலாயிரம் பேர் கூட்டத்தில் ஒரு மூலை கிடைத்தால் தேவலை என்று அப்போது அவளுக்கு நிஜமாகவே ஏக்கமாக இருந்தது. தோணியில் ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூடக் கிடையாது. தப்பு யாருடையதோ, அவரே வாடிக்கையாளருக்குத் தன் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். போன வருஷம் கூட வேலை செய்கிற இம்தியாஸ் மீன் சொசைட்டிக்கு போன் போட்டு, “என் பேர் இம்தியாஸ், தப்பு என்னோடது” என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் வசவு வாங்கினான். வருஷா வருஷம் சம்பளம் ஏறாது. லீவு எடுத்தால் நம் வேலை நமக்காகக் காத்துக் கிடக்கும். கல்யாண வீட்டில் கம்பெனி பெயரைச் சொன்னால், “தோணியா? படகு விடறீங்களா?” என்று கேட்பார்கள்.

இத்தனையும் தெரிந்துதான் மூன்று வருஷமாக இருக்கிறாள்.

முதலாளி கிளாடிஸ் டிசோசா மேடம் ஜன்னல் ஓரம் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். குவைத்தில் இருபது வருஷம் வேலை பார்த்துச் சேர்த்ததைப் போட்டு இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். அக்ஷதா எல்லாவற்றையும் கொட்டினாள். மில் வாசல், மாமா, பிரேக், புள்ளி.

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “புள்ளிய மாத்திட்டியா?”

“இன்னும் இல்ல.”

“முதல்ல மாத்து. இம்தியாஸ் போய் அங்க நின்னு சரி பாக்கட்டும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு பேரா போயிருக்கணும். ஆள் இல்லன்னு ஒருத்தர் போதும்னு சொன்னது நான். சரி பாத்தேன்னு கையெழுத்துப் போட்டதும் நான். மூணரைக்கு ஹெக்டே ஆபீஸுக்கு நானும் வரேன்.”

“நீங்க எதுக்கு மேடம்? தப்பு என்னோடது.”

“நீ பேசு. நான் பக்கத்துல நிக்கறேன். திட்டு விழும்போது பக்கத்துல ஆள் இருந்தா பாதிதான் வலிக்கும்.”

“ஆனா மாமா நிறுத்தினதை...”

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அது உன் வீட்டு விஷயம். சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன். ஆனா தோணி பேர்ல பொய் வேண்டாம். நிறுத்தினதைச் சொல்றது உன் மாமாகிட்ட கேட்டுட்டு முடிவு பண்ண வேண்டியது. போ, போன் பண்ணு.”

இம்தியாஸ் ஏற்கெனவே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். “வசவு வாங்கறதுல எனக்கு அனுபவம் இருக்குக்கா. எதையும் எதிர்த்துப் பேசாம, ஆமா ஆமான்னு மட்டும் சொல்லிட்டே இருங்க” என்றான். கலக்கத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

போனைக் கமலாக்ஷி எடுத்தாள். “அவரா? இப்ப ஓட்டு மேல ஏறி ஓலையத் தள்ளிட்டிருக்காரு. மழையில. நான் எவ்வளவு கத்தினாலும் இறங்க மாட்டேங்கறாரு.”

“மாமி, அவரைக் கூப்பிடுங்க. என் தப்புதான்னு சொல்லுங்க. உடனே வரச் சொல்லுங்க.”

சேசப்பா மூச்சு வாங்கக் காதில் வைத்தார். அக்ஷதா முதலிலிருந்து சொன்னாள். மறைக்கவில்லை. நிறுத்தத்துக்கு அவர் எட்டு நாற்பத்தொன்றுக்கே வந்துவிட்டார், தினமும் வந்துவிட்டார், புள்ளிதான் தப்பான இடத்தில் இருந்தது என்று சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றுவது கேட்டது.

“மாமா?”

“அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கா?”

அவள் போனுக்குத் தலையாட்டினாள். ‘உம்’ என்று மட்டும் வந்தது.

“கமலா, கண்ணுல ஒண்ணும் இல்லையாம்” என்று அவர் உள்ளே பார்த்துச் சொல்வது கேட்டது. கமலாக்ஷி சமையலறையிலிருந்து, “அதத்தான் டாக்டரும் சொன்னாரு, நானும் சொன்னேன்” என்று கத்தினாள்.

“மாமா, மில் வாசல்ல நிறுத்தினதைச் சொன்னா உங்களுக்குக் கஷ்டம் வரலாம். நீங்க வேணாம்னா...”

“அக்ஷி. ஐம்பது பேர் பாக்க நிறுத்தினேன். ஒளிச்சா நிறுத்தினேன்? சொல்லு. நானும் வரேன்.”

மூன்றரை மணிக்கு ஹெக்டேயின் ஆபீஸில் அக்ஷதா, கிளாடிஸ் மேடம், சேசப்பா மூன்று பேரும் நின்றார்கள். ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்தது. ஹெக்டே உட்காரச் சொல்லவில்லை. அக்ஷதா பேசினாள். “என் பேர் அக்ஷதா, தப்பு என்னோடது” என்று ஆரம்பித்துப் புள்ளியை, பள்ளியை, மூன்று நிமிஷத்தை விளக்கினாள். கிளாடிஸ் மேடம் பக்கத்தில் நின்றார். மேஜையில் புது டிரைவருக்கான காகிதம் தயாராக இருந்தது.

“மத்த பஸ்ல இந்தத் தப்பு இல்லையே. எனக்கு மட்டும் ஏன்?”

“உங்க பஸ்ல போனது நான் சார். நான் இறங்கற இடத்துல புள்ளி வச்சுட்டேன்.”

“எங்க இறங்குவ?”

“ஆயில் மில் வாசல்ல.”

“அங்க ஏது ஸ்டாப்பு?”

அக்ஷதா வாயைத் திறப்பதற்குள் சேசப்பா முன்னால் வந்தார். “ஸ்டாப் இல்ல முதலாளி. நான் நிறுத்துவேன். மருமகளுக்காக. மழையில மட்டும் இல்ல, வெயில்லயும்தான்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம்.”

ஹெக்டே நாற்காலியில் சாய்ந்தார். “அந்த ரெண்டு வருஷத்துல டைம் கீப்பர் நோட்டுல உன் பேர் ஒரு தடவைகூட வரலையே. அங்க நின்ன நேரத்தை எப்படிச் சரிக்கட்டின?”

“அடுத்த ஏத்தத்துல பிடிச்சுடுவேன்.”

ஹெக்டேவுக்குச் சிரிப்பு வந்தது. கிளாடிஸ் மேடம் இருப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டார். காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். “மில் வாசல் இன்னியோட நின்னது. உன் மருமகளுக்குக் கால் இருக்கு, குடை இருக்கு. புரியுதா?” இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

சேசப்பா கையை நீட்டவில்லை.

“என்ன?”

“இந்தப் பொண்ணு பேர் சொல்லித் தப்பை ஒத்துக்கிச்சு முதலாளி. நானும் ஒத்துக்கிட்டேன். நீங்க சாவிய வாங்கினது கீழ, எல்லார் முன்னாடியும். குடுக்கறதும் அங்கயே குடுங்க.”

இருபத்திரண்டு வருஷத்தில் சேசப்பா அந்த மனிதரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் கூடி வந்த நேரத்தில் மாமா காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று அக்ஷதா பயந்தாள்.

ஹெக்டே மெதுவாக எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். “வா” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்கள், கண்டக்டர்கள், மல்லிகை விற்கிற பெண்கள் எல்லோரும் பார்க்க, வாமன ஹெக்டே தொண்டையைச் செருமினார். “சேசப்பா லேட் இல்ல. பெட்டி தப்பா காட்டிச்சு. நான் அவரைக் கேக்காம பெட்டிய நம்பினேன். அது என் தப்பு” என்றார். சாவியை அவர் கையில் வைத்தார். மாதவா முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சேசப்பா யாரையும் பார்க்காமல் நேரே போய் பஸ்ஸில் ஏறி, ஸீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

அக்ஷதா கிளாடிஸ் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொன்னால் சின்னதாகப் போய்விடும் போலிருந்தது. ஆனாலும் சொன்னாள். “வேற எங்கயாவது இருந்திருந்தா இந்நேரம் என்னை வெளிய அனுப்பியிருப்பாங்க மேடம். நீங்க கூட வந்தீங்க.”

“வெளிய அனுப்பிட்டு உன் வேலைய யாரு செய்யறதாம்? ஏழு பேர்தானே இருக்கோம்” என்றார் மேடம். ஆனால் கையை விடவில்லை.

‘சுகந்தி’ ஹாரன் அடித்துப் புறப்பட்டது. அது போன பிறகு காலியான இடத்துக்கு அப்பால், தூண் ஓரமாக ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். நித்யானந்தா. காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மீன் லாரி வேலையை விட்டுவிட்டு வந்தவன். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்ஷதாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் வைத்த புள்ளியால் காலியான இடத்தை நம்பித்தான் அவனும் வந்திருந்தான்.

“மேடம், இன்னும் ஒருத்தர்கிட்ட சொல்லணும்.”

கிளாடிஸ் மேடம் அவள் பார்த்த பக்கம் பார்த்தார். கையை விட்டார். “போ” என்றார்.

அவள் மழையில் நடந்தாள். நாலு அடி போனதும் பின்னால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

“என் பேர் அக்ஷதா” என்றாள் அவனிடம்.

“தெரியும்கா. காலைல ஹலசினகட்டேல இறங்கினீங்க.” அவன் பையின் வாயை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தான். “என் மேல ஏதாவது தப்பாக்கா?”